வள்ளியம்மா பூண்டுக்குத் தண்ணீர் நிறுத்திய நாள்

என் கூடப்பிறந்த தங்கமே, வள்ளியம்மா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேத்துப்பாறையில் புரட்டாசி மழை போன வருஷம் மாதிரியே கொட்டுகிறது. உன் மகள் அன்னக்கொடி அடுப்பில் ஈர விறகை வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்கப் புகை. கண் எரிகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் புகைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

பழனியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் ஒருவர் தன் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாலு முழம் மண் வைத்திருக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அந்த மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். "அண்ணே, பாதியக் குறைச்சுக்கோங்க" என்று நீ சொல்வது காதில் விழுகிறது. குறைத்துக்கொள். என் வாழ்நாளெல்லாம் நீ அப்படித்தான் குறைத்தாய். மிச்சமிருக்கும் பாதியே இந்த மலையில் எவனிடமும் கிடையாது.

அழுது எழுதுகிற கடிதம் இல்லை இது. பழி வாங்கிவிட்டு வந்து எழுதுகிற கடிதம். யார் மேல் என்று நீ கேட்க மாட்டாய். பொன்னையா மேஸ்திரி மேல்தான்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னையா நம் ஊர்க்காரன், செண்பகனூர்ப் பக்கம் ஒரு துரை பங்களாவில் தோட்ட மேஸ்திரி. தலையில் தொப்பி, கையில் கத்தரி, கீழே நாலு ஆள். ஆனால் எந்த மாசம் எதை நடுவது என்று அவனுக்குத் தெரிந்தது அத்தனையும் உன்னுடையது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

இதை நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். மட்டக்குதிரையில் மூட்டை ஏற்றிக்கொண்டு நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவேன் அல்லவா? அங்கே ராவுத்தர் மளிகைக்கடை வாசலில் அவன் காத்திருப்பான். ஒரு டீ வாங்கிக் கொடுப்பான். "அண்ணாச்சி, உங்க வீட்டு அவரை மட்டும் எப்படி இப்படிக் காய்க்குது?" என்பான். அவ்வளவுதான். என் வாய் திறந்துவிடும்.

சித்திரையில் முதல் மழை பெய்தவுடன் விதையைப் போடாதே, அது மண்ணின் சூட்டைக் கிளப்பிவிட்டுப் போகிற மழை, மூன்றாவது மழைக்குக் காத்திரு என்று நீ சொன்னதை, நானே கண்டுபிடித்த மாதிரி சொல்வேன். ஆடிக்காற்று வருவதற்கு முன்பே பட்டாணிக்குக் குச்சி ஊன்றிவிடு, காற்று வந்த பிறகு ஊன்றினால் வேரை அறுப்பாய் என்பதையும் சொல்வேன். மார்கழியில் பேரிக்காய் மரம் இலை உதிர்த்துத் தூங்கும்போதுதான் கவாத்து வெட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். அடுத்த வாரமே பங்களாவில் அத்தனையும் நடக்கும். வருஷா வருஷம் துரைமார் வைக்கும் காய்கறிப் போட்டியில் அவன் கழுத்தில் மாலை விழும்.

நீ வாழ்ந்த காலத்தில் இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் வாய் வீசினேன், அவன் டீ வாங்கினான். ஆனால் போன புரட்டாசியில் அவன் செய்தது வேறு.

நீ குளிர்காய்ச்சலில் நாலு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாய். நம் வகையறாவில் சாவு விழுந்த வீட்டில் பதினாறு வரைக்கும் உள் அடுப்பு எரியக்கூடாது. வாசலில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். அந்த அடுப்புக்கு மேலேதான் உன் விதைப்பூண்டு தொங்கியது. பங்குனியில் தோண்டி, தாளோடு சேர்த்துக் கற்றாழை நாரால் கட்டி, பரணில் நீ தொங்கவிட்ட பதினோரு கத்தை. ஐப்பசி கடைசியில் நடவேண்டிய விதை. பன்னிரண்டு வருஷமாகப் பெரிய பல்லாகப் பார்த்துப் பார்த்து நீ எடுத்து வைத்த வம்சம் அது.

மலைப்பூண்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், விதைப்பூண்டு புகையில்தான் இருக்க வேண்டும். புரட்டாசி ஈரத்தில் பதினாறு நாள் புகை இல்லாமல் கிடந்தால் பூஞ்சை பிடித்துப் பல்லெல்லாம் பஞ்சாகிவிடும். மூன்றாம் நாளே ஒரு கத்தையில் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. அன்னக்கொடி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். உன்னைத் தூக்கும்போதுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பொன்னையா வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலை இறக்கிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, தங்கச்சி பூண்டு ஈரம் குடிக்குதே. எங்க வீட்டு அடுப்புல தொங்கட்டும். பதினாறு கழிஞ்சதும் கொண்டாந்து கட்டிடறேன்" என்றான். அன்னக்கொடி, "மாமா, பக்கத்து வீட்ல கொடுப்போங்க" என்றாள். பக்கத்து வீடு என்ன, பங்களா மேஸ்திரி வீட்டு அடுப்பு இருக்கும்போது? நான்தான் ஏணி வைத்து ஏறினேன். பதினோரு கத்தையையும் என் கையாலேயே இறக்கி அவன் தோளில் போட்டேன். "நம்ம மேஸ்திரி தங்கமானவரு" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். அதையும் இப்போதே சொல்லிவிட்டேன்.

பதினேழாம் நாள் பதினோரு கத்தை திரும்பி வந்தது. எண்ணிக்கை சரி. நாரும் கற்றாழை நார்தான். அன்னக்கொடி ஒரு பூண்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். கரி விரலோடு வந்துவிட்டது, உள்ளே வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரிந்தது.

"மாமா, ஆறு மாசப் புகை தோலுக்குள்ள இறங்கியிருக்கும். தேச்சா வராதுங்க. இது சட்டிக்கரி."

மலைப்பூண்டே இல்லை, கீழ்நாட்டுப் பூண்டு. சந்தையில் வாங்கிச் சட்டிக்கரி பூசிக் கொடுத்திருக்கிறான். நட்டுப் பார்த்தோம், கார்த்திகை மழையில் கரைந்து போனது. மிச்சத்தில் ரசம் வைத்தோம். ரசத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பங்களாவுக்கு நேராகப் போனேன். என் பின்னால் ஐம்பது பேர் வந்தார்கள். சரி, நானும் என் குதிரையும் மட்டும்தான். பாத்தியில் உன் பூண்டு வரிசை வரிசையாக முளை விட்டிருந்தது. "ஏலே பொன்னையா, இது யார் பூண்டு?" என்றேன். அவன் பூவாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"என்ன அண்ணாச்சி, பூண்டுல பேரா எழுதியிருக்கு?"

அந்த ஒரு வாக்கியம் எனக்குள்ளே நாலு மாசம் கிடந்தது. நான் என்னென்ன செய்ய நினைத்தேன் தெரியுமா? வேலியைப் பிரித்துவிட்டுக் காட்டெருமையை உள்ளே விரட்டலாம் என்று நினைத்தேன். காட்டெருமை என் பேச்சைக் கேட்கும், உனக்குத் தெரியாது. முள்ளம்பன்றி வரட்டும் என்று கிழங்குத் தோலைத் தடம் போட்டுக் கொட்டலாம் என்று நினைத்தேன். அன்னக்கொடி என் குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நாசம் பண்ணா யாரு பூண்டு மாமா நாசமாகும்?" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு வழி தெரிந்தது. நான் பேசாமல் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பூண்டு நடுவதில் அவனுக்கு எல்லாம் தெரியும், என் வாயால் வாங்கியதுதான். உடைத்த அன்றே நடவேண்டும், வெளிப்பல்லை நடு, உள்பல்லைக் குழம்புக்குப் போடு. முனை மேலே பார்க்க, விரல் கணு ஆழத்தில் வை. எரு ஒரு வருஷம் மக்கியதாக இருக்கட்டும், புது எரு போட்டால் இலைதான் ஆடும், கிழங்கு இறங்காது. மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்தி, முதலில் வடிகாலை வெட்டிவிட்டு அப்புறம் விதையைப் பற்றி யோசி. தையில் வெள்ளைப்பனி விழுந்த காலையில் வெள்ளனே எழுந்து, வெயில் இலையைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடு, இல்லாவிட்டால் இலை வெந்த மாதிரி கருகும். நாற்றுகளாக இருந்தால் சாயங்காலமே பெரணி இலையால் மூடு, காலையில் எடுத்துவிடு. இதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்றே ஒன்று. தண்ணீரை எப்போது நிறுத்துவது? அதை மட்டும் நான் எந்த டீக்கும் சொல்லியிருக்கவில்லை. ரகசியம் காத்தேன் என்று நினைக்காதே. அவன் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. ராவுத்தர் கடை வாசலில் அவன் எனக்கு டீ வாங்கினான், பணியாரமும் வாங்கினான். "நடந்தத விடுங்க அண்ணாச்சி. பூண்டு அடி இல மஞ்சளிக்குது. தாகமா இருக்குமோ? தங்கச்சி இருந்தா என்ன சொல்லும்?"

"எனக்கு என்னங்க மேஸ்திரி தெரியும்? நான் குதிரை ஓட்டுறவன்."

வள்ளி, நான் அப்படிச் சொன்னேன். உன் அண்ணன் சொன்னேன். கடைக்குள்ளிருந்து ராவுத்தர் தராசை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். நாக்கைக் கடித்துக் கடித்து ஆறு நாள் கஞ்சி இறங்கவில்லை. சரி, மூன்று நாள். ஆனால் அந்தப் பணியாரத்தின் ருசி மாதிரி என் ஆயுசில் எதுவும் இருந்ததில்லை.

அவன் தாகம் என்றே முடிவு செய்துவிட்டான். காலையில் ஒரு பூவாளி, மாலையில் ஒரு பூவாளி. நான் மூட்டையோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்ப்பேன். ஊற்று ராசா, ஊற்று என்று மனதுக்குள் சொல்வேன். உன் பூண்டைத் தொட்ட கையிலேயே அது அழுகட்டும் என்று பழனி மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

ஒரு நாள் அன்னக்கொடி கீரைக்கூடையோடு அந்த வழியாக வந்தவள், வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்காமலேயே நின்றாள்.

"மாமா, மேஸ்திரி தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காருங்க."

"தெரியும் தாயி."

"இன்னும் ஒரு வாரம் ஊத்துனா அடி அழுகிடும்."

"அழுகட்டும். அவன் மூஞ்சி அழுகுறத மலையே பாக்கட்டும்."

"அழுகப்போறது அவரு மூஞ்சி இல்லீங்க மாமா. எங்கம்மா பூண்டு. வேற விதை எங்க கெடக்கு நமக்கு?"

அவள் கூடையை இறக்கினாள். "நீங்கதான் இறக்கிக் கொடுத்தீங்க. நான் அப்பச் சொன்னத நீங்க கேக்கல. இப்பச் சொல்றேன், வெரசா போய்ச் சொல்லிடுங்க" என்றாள். உன் குரல்தான். உயரம் மட்டும்தான் குறைச்சல்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை மூடி வைத்து, அதில் ஜெயிக்கப்போகிற நேரம். அவனுக்கு நானே போய் வழி சொல்ல வேண்டுமா? சொன்னால் பூண்டு பிழைக்கும், மாலையும் அவன் கழுத்தில் விழும். சொல்லாவிட்டால் அவன் அழிவான், உன் பன்னிரண்டு வருஷமும் சேர்ந்து அழியும். இரண்டு நாள் குதிரையோடு பேசிப் பார்த்தேன். அது தலையை ஆட்டியதே தவிர எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சந்தை நிறைந்திருந்தது. பூம்பாறையிலிருந்து வந்தவர்கள், மன்னவனூர்க்காரர்கள், பங்களாக்களுக்குக் காய் வாங்க வந்த சமையல்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ராவுத்தர் கடை முன்னால் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறி நின்றேன். பொன்னையா டீ கிளாசோடு கீழே நின்றான்.

"ஏலே பொன்னையா, கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்கங்க. இது என் தங்கச்சி வள்ளியம்மா சொன்னது. பூண்டுல அடி இல பாதி மஞ்சளிச்சா அது தாகம் இல்ல. கிழங்கு முத்துது. அன்னைக்கே தண்ணிய நிறுத்தணும். மூணு வாரம் காயப் போட்டு, கழுத்து சாஞ்சப்புறம் தோண்டணும். தோண்டுனத கழுவக்கூடாது. நெழல்ல ஒரு வாரம் தாளோட கெடக்கணும். அப்புறம் கட்டிப் புகையில தொங்கவிடணும். இனி ஒரு பூவாளி ஊத்துனா உன் பாத்தி நாறிப்போகும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "செத்துப்போனவ எதுக்கு என் தோட்டத்துக்கு யோசனை சொல்லணும்?"

"அவ பூண்டு அங்க கெடக்கு. அதுக்குத்தான்."

"பூண்டுல பேரா எழுதியிருக்கு?"

ராவுத்தர் கடைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தார். கையிலிருந்த சீரகத் தூசியைத் தட்டிக்கொண்டார். "எழுதலதான் மேஸ்திரி. ஆனா உங்க பூண்டா இருந்தா, தண்ணிய எப்ப நிறுத்தறதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

பூம்பாறைக் கிழவி ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பழனி அடிவாரம் வரை கேட்டது. பாலசமுத்திரத்தில் மாடு மேய்த்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்னார்கள். குறைத்துக்கொள், சந்தை முனை வரைக்கும் கேட்டது.

பழியின் ருசியே அதற்குப் பிறகுதான். அடுத்த நாளிலிருந்து அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் பங்களா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். ஊற்றுகிறானா, நிறுத்திவிட்டானா? நிறுத்தினால் பூண்டு உன்னுடையது என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி. ஊற்றினால் துரைசானி முன்னால் அழுகல் பாத்தி. திங்கட்கிழமை ஊற்றினான், வீம்புக்கு. செவ்வாய்க்கிழமை நான் போனபோது பூவாளி கவிழ்ந்து கிடந்தது. குதிரையை நிறுத்தி அந்தக் கவிழ்ந்த பூவாளியைக் கண்குளிரப் பார்த்தேன். அவன் ரோஜாச் செடிக்குப் பின்னால் குனிந்து ஏதோ சோலி இருக்கிற மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

பூண்டு பிழைத்தது. பங்குனியில் தோண்டினான். போட்டியில் வைத்தான், மாலையும் விழுந்தது. ஆனால் மேசையைச் சுற்றி வந்த நம் ஜனம் என்ன பேசிக்கொண்டது தெரியுமா? "வள்ளியம்மா பூண்டு வந்திருக்கு பாத்தியா" என்றார்கள். மாலையோடு நிற்கிறவன் காதுபடவே சொன்னார்கள். பங்களாச் சமையல்காரர்கூட, "அந்த வள்ளியம்மா பூண்டுல நாலு கொடுங்க மேஸ்திரி" என்றுதான் கேட்கிறாராம். இப்போது பேர் எழுதியிருக்கிறதா பொன்னையா?

ஒரு வாரம் கழித்து ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு ஒரு சாக்கைக் கொடுத்தார். உள்ளே இரண்டு கத்தை, உன் பூண்டு. "விதைக்கு வேணும்னு மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்குனேன். யார் விதைக்கப்போறான்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. புள்ளகிட்ட கொடுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அதை இந்த மலையில் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த இரண்டு கத்தைதான் இப்போது அன்னக்கொடியின் அடுப்புக்கு மேலே தொங்குகின்றன. அதற்குத்தான் இந்தப் புகை. ஐப்பசி கடைசியில் உடைத்து நடுவோம். பதினொன்று இரண்டாகிவிட்டது என்று வருத்தப்படாதே. நீ தொடங்கியபோது கையில் ஒரு பூண்டுதானே இருந்தது?

பழி முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. அன்று முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே மூட்டை மேல் ஏறி நிற்கிறேன். அந்தந்தப் பருவத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று உன் பேரைச் சொல்லித்தான் தொடங்குவேன். வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பெண்கள் கூடையோடு வந்து நின்று கேட்கிறார்கள். பொன்னையாவும் வருகிறான், மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி ஆரஞ்சுக் கூடைகளுக்குப் பின்னால் நிற்கிறான். அவனுக்கு வேறு வழி இல்லை. இந்தப் பத்திரிகையையும் படிப்பான். படிக்கட்டும். அவரைக்குக் குச்சி எப்போது, கிழங்குக்கு மண் எப்போது என்று தேடுகிறவன், உன் பேரைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் வீட்டில் இனி யார் போனாலும் அந்த அடுப்பு அணையாது. முதலில் போகப்போகிறவன் நான்தான். என்னை முற்றத்தில் கிடத்தியிருக்கும்போதும் உள்ளே புகை எழும்ப வேண்டும் என்று அன்னக்கொடியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வகையறா ஏசும். ஏசட்டும், நான்தான் அடுப்பு எரியச் சொன்னேன் என்று சொல்லிவிடச் சொன்னேன். பூண்டுக் கத்தையை இறக்க இன்னொருவன் ஏணி கேட்டு வரக்கூடாது.

எல்லாவற்றிலும் பாதியைக் குறைத்துக்கொள். இந்த ஒன்றில் மட்டும் குறைக்காதே, வள்ளி.

இப்படிக்கு,
உன் வாயாடி அண்ணன், உன் மகளின் தாய்மாமன்,
பேத்துப்பாறை ராமையா